குலவை போடாத வருசம்

நாலே முக்கால் வருசம் இருளாயி வயிற்றில் பிள்ளையைச் சுமந்தாள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், கொக்காடியேந்தலில் யாரும் சிரித்ததில்லை. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், ஆமாமா, நாலே முக்கால், அதிலே முதல் ஏழு மாசம் எல்லாரையும் போலத்தான், மிச்சம்தான் மழைக்காக நின்னது என்று, பஸ் லேட்டாக வந்த கதையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பப் போய்விடுவார்கள்.

அந்தப் பக்கமெல்லாம் புழுதி விதைப்பு. மழை பெய்த பிறகு விதைப்பது ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர்ச் சீமான்களின் சோலி. இவர்கள் ஆவணி மாசம், மண்ணில் ஈரம் என்பது பேருக்குக்கூட இல்லாத நாளில், காய்ந்த புழுதியில் காய்ந்த நெல்லை வீசி மூடிவிட்டு, ஐப்பசி வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். முதல் கைப்பிடியை ஊரில் யார் பிள்ளைத்தாச்சியோ அவள்தான் வீச வேண்டும். விதைநெல்லை மடியில் கட்டி, அடிவயிற்றோடு அணைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்று விதையிடம் சொல்ல வேண்டும்: "மழை வரும் மட்டும் பொறுத்திரு. மழை வந்ததும் எந்திரி." அந்தச் சொல் வாயை விட்டு வரும் அதே நொடியில் சுற்றி நிற்கிற பெண்கள் காது கிழியக் குலவை போடுவார்கள், அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்காது. ஏன் குலவை என்று யாரும் கேட்டதில்லை. நல்ல காரியம், குலவை போடுகிறோம், அவ்வளவுதான்.

இருளாயிக்கு ஏழு மாசமாக இருந்த வருசம், விதைப்புக்குப் பத்து நாள் முன்னால் ஊர்ப் பெரியவர் சோலையம்பலத்தின் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறு கழியாமல் ஊருக்குள் மங்கலச் சத்தம் கூடாது, நாள் கடந்தால் விதைப்பும் கூடாது. அம்பலம் தாடையைச் சொறிந்து யோசித்தார். "வெதைப்பை விட முடியாது. சத்தமில்லாம வெதைப்போம். கொலவை சந்தோசத்துக்குத்தானப்பா, ஒரு வருசம் இல்லாட்டி குடியா முழுகிப் போகும்?" என்றார். இருளாயி வரப்பில் நின்று சொன்னாள். காற்றுகூட அடிக்கவில்லை. மழை வரும் மட்டும் பொறுத்திரு என்று அவள் சொன்னது நாலு வயல் தள்ளிக் கேட்டது. அந்த நேரம் வரைக்கும் வயிற்றுக்குள் ஓயாமல் உருண்டு புரண்டுகொண்டிருந்த இரண்டு உருவமும், ஸ்கேனில் இரட்டை என்று சொல்லியிருந்தார்கள், ஒரே சமயத்தில் அசைவை நிறுத்தின. தூங்கிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கையை வீசி விதையைத் தூவினாள்.

அந்த ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையில் அவளுக்கு நாள் முடிந்தது, வலி இல்லை. மார்கழி போனது, தை போனது. கிராம நர்ஸ் ஜெசிந்தா, பள்ளிக்கூட டீச்சர் மாதிரிக் கண்டிப்பான பெண். கருவியை வயிற்றில் வைத்து, ஒரு துடிப்பைக் கேட்டாள், காத்திருந்தாள், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், பானையில் தண்ணீர் மொண்டு குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், அப்புறம்தான் அடுத்த துடிப்பு வந்தது.

"இருக்குது இருளாயி, ரெண்டும் இருக்குது. ஆனா இது வளர்ற துடிப்பு இல்ல," என்றாள் ஜெசிந்தா. "காத்திருக்கிற துடிப்பு."

டவுனில் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடனே கிழித்து எடுத்துவிடலாம் என்றார். இருளாயி கட்டிலை விட்டு இறங்கினாள். "புழுதிக்குள்ள கெடக்கிற வெதையை நோண்டி எடுத்துட்டா அது முளைச்சிருமாம்மா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வழிவிட்டான் என்று பேர் கொண்ட அவள் புருசன் பின்னாலேயே மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவனிடம் ஒரு டிராக்டரும் தண்ணீர் டேங்கரும் இருந்தன; கோடையில் பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடிதண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றுகிறவன் அவன்தான். வாய் அதிகம் பேசாது, கை எந்நேரமும் எதையாவது செய்துகொண்டிருக்கும்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது, குலவை சந்தோசத்துக்கு இல்லை என்று. வயிற்றுக்குள் இருக்கிறதின் காதை மூடத்தான் அத்தனை தலைமுறையாகக் குலவை போட்டு வந்திருக்கிறார்கள். விதைக்குச் சொன்ன சொல் பிள்ளைக்கும் கேட்டுவிட்டது, பிள்ளை கீழ்ப்படிந்துவிட்டது. "பெத்தவ சொல்லைத் தட்டாத புள்ளைக," என்று அம்பலம் பாராட்டக்கூடச் செய்தார். இருளாயி அவரைப் பார்த்த பார்வையில் மனுசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு எல்லாம் பழகிப்போனது. பழக்கம் என்ற ஒன்று இருக்கிறதே, அது பேயையும் வாசல் தெளிக்க வைத்துவிடும். மினி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு இருளாயிக்கு. எத்தனை மாசம் என்று கேட்காதே, எத்தனை வருசம் என்று கேள் என்று வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். ஜெசிந்தாவின் பதிவேட்டில் பத்து மாசத்துக்கு மேல் கட்டம் கிடையாது. அவள் தாள் ஒட்டி, அந்தத் தாளில் தாள் ஒட்டி, விரித்தால் வாசப்படி வரை நீளும்படி வைத்திருந்தாள். வருசம் ஒரு வளைகாப்பு. முழங்கை வரை வளையல் ஏறி, அவள் நடந்தால் தெருக்கோடியில் சத்தம் கேட்கும், திண்ணையில் யாராவது படுத்திருந்தால் இருளாயி வருகிறாள் என்று எழுந்து உட்காருவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, இந்த வருசமும் மழை இல்லை என்று தெரிந்துகொண்டு, விதைநெல்லை அவித்துத் தின்னப் போனார்கள்.

இருளாயிக்குத்தான் பழகவில்லை. அவள் வளர்த்த வெள்ளாடு அதற்குள் ஐந்து ஈத்து ஈன்றுவிட்டது. வாசலில் உட்கார்ந்துகொண்டு அவள் விரல் மடக்கி எண்ணுவாள்: நாய்க்கு இரண்டு மாசம், ஆட்டுக்கு ஐந்து, பசுவுக்கு ஒன்பது, எருமைக்குப் பத்து, பொம்பளைக்கும் பத்து. நாள் வந்தால் வெளியே பஞ்சமா வெள்ளமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் குட்டி வந்து விழுந்துவிடும், அதற்கப்புறம் அது பட்ட பாடு. விதை அப்படி இல்லை. விதைக்கு நாள் கணக்குக் கிடையாது, வெளியே வாழ வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது கண்ணைத் திறக்கும். எது புத்திசாலி என்று கேட்டால் விதைதான். ஆனால் விதையைச் சுமக்கிற மண்ணுக்கு இடுப்பு வலிக்காது, மார் கனக்காது, அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் அழுகை வராது. இதையெல்லாம் அவள் ஆட்டிடம் சொல்வாள். ஆடு அசைபோடும்.

மூன்றாம் வருசம் புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒரு மணி நேரம் மழை பெய்தது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. இருளாயிக்கு வலி எடுத்தது, விளக்கு வைக்கிறதுக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை, நல்ல குரல், வழிவிட்டான் அவனை ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஆனால் அன்றைக்குப் பெய்ததோடு மழை போனது போனதுதான். வயலில் பாதி விதை முளைத்திருந்தது. நாலாம் நாள் முளைப்பயிர் மஞ்சளானது, பிள்ளையின் கண் மஞ்சளானது. ஏழாம் நாள் பயிர் நுனி கருகியது, பிள்ளையின் உதடு வெடித்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பார்த்தார்கள். ஏறிய தண்ணீர் எங்கே போனதென்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் வழிவிட்டான் வயலோரத்தில் தானே குழி வெட்டினான்.

இரண்டாவது வரவில்லை. ஜெசிந்தா அழுதுகொண்டே கருவியை வைத்துக் கேட்டாள், அது உள்ளே அதன் பாட்டுக்கு, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு துடிப்பு என்று கிடந்தது. "எல்லா வெதையும் ஒரே மழைக்கு முளைச்சிருமா? கொஞ்சம் அடியில கெடந்து அடுத்ததுக்குக் காத்திருக்கும், அப்படித்தான் பயிர் வம்சம் அத்துப்போகாம நிக்குது," என்றார் அம்பலம். அதைக் கேட்டு இருளாயிக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் அன்று முதல் அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இந்த ஒன்று பொய் மழைக்கு வந்துவிடக் கூடாது. சித்திரையில் ஒரு கருமேகம் தெரிந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது இல்ல தாயி, இது இல்ல, நீ தூங்கு," என்பாள்.

வழிவிட்டானுக்கு வேறு எண்ணம். "ஒருத்தனை ஒம்பது நாள் பார்த்தேன்," என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "இன்னொண்ணையும் ஒரு தடவை பார்த்துட்டாப் போதும் எனக்கு."

"பார்த்துட்டு? அதுக்கும் குழி வெட்டவா?"

அவன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

ஐந்தாம் வருச விதைப்பும் முடிந்து, கண்மாய் வெடித்து, சீமைக் கருவேலமே இலை உதிர்த்த நாளில், ஊரின் புத்தி தலைகீழாகப் புரண்டது. இத்தனை வருசமும் மழைக்காகப் பிள்ளை நிற்கிறது என்றவர்கள், கூடி உட்கார்ந்து வெற்றிலை போட்டு எச்சில் துப்பித் துப்பி யோசித்ததில், இல்லையே, பிள்ளைக்காக அல்லவா மழை நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பிள்ளையை வெளியே கொண்டுவந்தால் மழை தன்னால் வரும். அது மழை பெய்தால்தானே வரும்? அப்படியானால் அதற்கு ஒரு மழையைக் காட்டு. பசித்தவன் புத்தி பனங்காட்டைத் தாண்டிப் போகும். வழிவிட்டான் தூரத்தில் டேங்கர் சக்கரத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான், மாட்டேன் என்று சொல்லவில்லை.

இருளாயி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வந்தார்கள். வீட்டுக்கு மேலே உயரக் கறுப்புத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி வெயிலை மறைத்தார்கள். கூரைக்குப் பக்கத்தில் தகரங்களை நிறுத்திப் பெண்கள் முறத்தில் மணலை வாரி வாரி அதன்மேல் சொரிந்தார்கள், தூறல். கோயில் மேளத்தை மெல்ல உருட்டினார்கள், இடி. வழிவிட்டான் டேங்கர் மேல் ஏறி நின்று கூரையில் தண்ணீரைப் பீய்ச்சினான். அந்த ஊர் இரண்டு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர். சோலையம்பலம், அறுபத்தெட்டு வயசு, ஊருக்கே நியாயம் சொல்கிற மனுசன், மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தவளை மாதிரிக் கத்தினார். அவர் கத்தியது நிசமாகவே நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இருளாயி கண்ணைத் திறந்தாள். ஓலையில் நீர் வழிகிற சத்தம், மண் வாசனை, இருட்டு. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "வந்துருச்சு," என்று வயிற்றைத் தொட்டுச் சொன்னாள், "தாயி, வந்துருச்சு, எந்திரி." வாய் மூடுமுன் வலி இடுப்பைப் பிடித்துக் கிழித்தது, வயிற்றுக்குள் நாலு வருசமாக அசையாதது ஒரு புரட்டுப் புரண்டது. சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்தாள். நிலையோரத்தில் எறும்புகள் முட்டையைத் தூக்காமல் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஓர் ஈசல்கூட இல்லை. வாசலுக்கு அப்பால் தெருவில் பட்டப்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்தாள். புருசன் டேங்கர் மேல் குழாயோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

அவள் படியிறங்கினாள். முறமும் கையுமாக நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு, கால் இடற, வளையல்கள் குலுங்க, வெயிலில் நடந்து கண்மாய்க்குள் இறங்கினாள். வெடித்துக் கிடந்த மண்ணில் வயிறு படக் குப்புறப் படுத்தாள். மண் அடுப்பாகச் சுட்டது. "பாரு," என்றாள், "தொட்டுப் பாரு, ஈரம் இருக்கா? இல்லல்ல? உன்னய ஏமாத்துறாக தாயி, உள்ள போ, உள்ள போயிரு." ஊரே கரையில் நின்று பார்த்தது, யாரும் கிட்டே போகத் துணியவில்லை. சூரியன் சாயச் சாய வலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, வயிறு மறுபடி கல்லானது. எழுந்தபோது அவள் வயிற்றுத் தோல் கொப்பளித்திருந்தது. அன்றிலிருந்து வழிவிட்டானை அவள் வீட்டுக்குள் விடவில்லை. அவன் டிராக்டருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான்.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் மெய்யான மழை வந்தது. முந்தின நாளே எறும்புகள் முட்டையோடு சுவரேறிவிட்டன. புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. வருசக்கணக்காகச் சேற்றுக்கு அடியில் செத்தமாதிரிக் கிடந்த தவளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்து கத்தின கத்தலில் அம்பலம் வீட்டைவிட்டு வெளியே வரக் கூசினார். மூன்றாம் நாள் வயல் பச்சை கட்டியது. கண்மாய் நிறைந்தது. பிள்ளை பிறக்காமலே மழை வந்துவிட்டதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருளாயிக்கு வலி வரவில்லை. மழையில் போய் நின்றாள், வயிற்றைக் காட்டினாள், "இது மெய் தாயி, ஆத்தா சொல்றேன்ல," என்று கெஞ்சினாள். உள்ளே அசைவில்லை. ஐந்தாம் நாள் ஜெசிந்தா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கேட்டாள். ஒரு துடிப்பு. தண்ணீர் குடித்தாள், சேலையைப் பிழிந்தாள், கூந்தலை அவிழ்த்து முடிந்தாள். அப்புறமும் வெகுநேரம் கழித்துத்தான் அடுத்தது வந்தது.

"முன்ன விட ஆழமாப் போகுது இருளாயி. இப்படியே போனா நின்னுரும்."

அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மழையிலும் முளைக்காத விதை மண்ணுக்குள் என்ன ஆகும் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் யார். ஊர் பதறியது. ஒவ்வொருவராக வந்து அவள் வயிற்றின் முன்னால் நின்று சத்தியம் செய்தார்கள். அம்பலம் கற்பூரத்தைக் கையில் ஏற்றி, இது மெய் மழை என்று அணைத்தார். பெண்கள் ஈரமண்ணைக் கொண்டுவந்து தொப்புளில் பூசினார்கள். ஒருத்தி நாற்றைப் பிடுங்கி வந்து வயிற்றில் வைத்தாள். ஒன்பதாம் நாள் விடிந்தது. மூத்தவனுக்குக் குழி வெட்டியதும் ஒன்பதாம் நாள்தான் என்பது இருளாயிக்கு மறக்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து, வந்தவர்களின் முகத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். மெய் என்று சொல்ல ஊரே வந்துவிட்டது. அன்றைக்குச் செய்தது பொய் என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். டிராக்டருக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான், சாக்கு நனைந்து ஊறியிருந்தது.

"இங்க வாங்க," என்றாள், இரண்டு மாசத்தில் முதல் வார்த்தையாக. "வந்து அதுக்கிட்டச் சொல்லுங்க."

அவன் உள்ளே வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். மழை ஓலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு மழை பெய்யலத்தா," என்றான் கடைசியில். "நாந்தான் ஊத்துனேன். டேங்கர் தண்ணி. உங்கண்ணனை மண்ணுல வச்சப்பறம் எனக்கு உன் மொகத்தைப் பார்க்கணும்னு ஆயிருச்சு. நீ பொழைப்பியான்னு நெனைக்கல. என் ஆசையை மட்டுந்தான் நெனைச்சேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் ஊத்துனேன்." அவனுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "இப்பப் பெய்யிறதை நான் மெய்யின்னு சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்ல. நீயே பார்த்துக்க."

இருளாயி அவன் தலையில் கையை வைத்தாள். "நானும்தான் தாயி," என்றாள் வயிற்றைப் பார்த்து. "எறும்பைப் பார்க்காம எந்திரின்னு சொன்னேன். அவசரப்பட்டுட்டேன்."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொப்பளித்து ஆறிய தோலுக்குள்ளிருந்து, தட்டிப் பார்ப்பதுபோல் ஒரே ஓர் உதை.

பெண் பிள்ளை. தலைமுடி தோள்வரை வளர்ந்து, நகம் விரலைத் தாண்டி நீண்டு, இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு வந்தது. அழவில்லை. ஜெசிந்தா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், அழவில்லை. மூச்சு இருந்தது, அதே பழைய துடிப்பின் கணக்கில், ஒன்று வந்தால் அடுத்தது வர ஒரு யுகம். அது ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வாசலில் நின்ற பெண்கள் சேலையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"கொடு இங்க," என்றாள் இருளாயி. எழுந்திருக்கத் தெம்பில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து நிலைப்படிக்கு வந்தாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்து, தாழ்வாரத்துக்கு அப்பால் நீட்டினாள்.

மழை அந்தக் கையில் விழுந்தது. பிள்ளை கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியே வைத்திருந்தது, ஒரு துளி, பத்துத் துளி, உள்ளங்கை நிறைந்து வழிகிற மட்டும். பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோய் நக்கியது. தலையைத் திருப்பி, கதவோரம் குறுகி நின்ற வழிவிட்டானைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம்தான் மூச்சை ஆழ இழுத்து, வீறிட்டு அழுதது.

வாசலில் நின்ற பெண்கள் பழக்க தோசத்தில் குலவைக்கு வாயைக் குவித்தார்கள். இருளாயி கையைத் தூக்கித் தடுத்தாள்.

"சத்தம் போடாதீகடி," என்றாள். "அவ மழையைக் கேக்கட்டும்."

அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது.